முப்பது வருடம் பொறுக்கச் சொன்ன மனிதர்

மிஷனரி ஞாயிறன்று பணித்தளத்திலிருந்து யாராவது வந்து பேசினால், ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "பிரதர், இதுவரைக்கும் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க?" கேட்பவர் கெட்டவர் இல்லை. மாதாமாதம் காணிக்கை கொடுப்பவர், பெயர் சொல்லி ஜெபிப்பவர். ஆனால் மொழி தெரியாத நாட்டில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் இருக்கும் ஒரு குடும்பத்தை இந்தக் கேள்வியாலேயே நாம் நசுக்குகிறோம் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை சொல்ல முடியாதவர் என்ன செய்வார்? அடுத்த செய்திமடலில் ஒரு சாட்சியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குவார். இல்லையென்றால் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளுக்குள் உடைந்துபோவார்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் கதை நம்மில் பலருக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். பர்மாவுக்கு (இன்றைய மியான்மர்) போனார், சிறைப்பட்டார், வேதாகமத்தை பர்மிய மொழியில் தந்தார், ஆமென். நடுவில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

1812 பிப்ரவரியில், கல்யாணமான இரண்டே வாரத்தில், மனைவி ஆனோடு அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். போகும் வழியில் ஞானஸ்நானம் பற்றிய கொள்கை மாறி, அனுப்பிய சங்கத்தையே விட்டு விலக வேண்டியதாயிற்று. (அது தனிக் கதை. நம் சபைகளில் அதை இழுத்தால் சண்டைதான் வரும்.) 1813 ஜூலையில் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். முதல் ஞானஸ்நானம் 1819 ஜூன் மாதம். ஆறு வருடம், ஒருவர்கூட இல்லை. அதற்கு முன்பே, ரங்கூனுக்கு வந்த கப்பலிலேயே முதல் குழந்தை இறந்து பிறந்தது. இரண்டாவது மகன் ரோஜரை எட்டு மாதத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் பையன் போன அதே 1816இல், அமெரிக்காவில் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்த லூத்தர் ரைஸுக்கு ஜட்சன் ஒரு கடிதம் எழுதினார். பலன் கிடைக்கும் வாய்ப்பு என்ன என்று சபைகள் கேட்டால், சர்வவல்லமையும் உண்மையுமுள்ள ஒரு தேவன் இருக்கிறார் என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு என்று சொல்லுங்கள் என்றார். இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அதன் தொடர்ச்சி வராது. சபையாருக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டால், எங்களுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் கொடுத்து இங்கேயே இருக்க விடச் சொல்லுங்கள், உயிரோடு இருந்தால் இருபது முப்பது வருடம் கழித்து எங்களைப் பற்றி மறுபடி கேள்விப்படுவார்கள் என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு கடிதம் இன்று நம் மிஷனரி கமிட்டிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர். ஜட்சனுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது ஆங்கிலேயர்கள் வழியாக. உளவாளி என்ற சந்தேகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. தலைநகர் ஆவாவில் அவரைப் பிடித்துக் காலில் விலங்கு பூட்டினார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஆன் ஒவ்வொரு அதிகாரி வீடாக ஏறி இறங்கினார். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை, யாரும் ஆசைப்படாத ஒரு கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்து ஜட்சனிடம் கொடுத்தார்.

அப்புறம் கைதிகளை ஊங்பென்லா என்ற கிராமத்துக்கு மாற்றினார்கள். சில மாதக் குழந்தை மரியாவைத் தூக்கிக்கொண்டு ஆனும் பின்னாலேயே போனார். அங்கே அவர் படுத்த படுக்கையானார், பால் வற்றிவிட்டது. காவலர்களுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டி, ஜட்சனைச் சிறிது நேரம் வெளியே விட வைத்தார். காலில் விலங்கோடு, கையில் எலும்பும் தோலுமான குழந்தையோடு, அவர் அந்த ஊர்த் தெருக்களில் வீடு வீடாக நின்று, கைக்குழந்தைக்காரிகளிடம் கொஞ்சம் பால் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். சில தாய்மார்கள் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது அவர்களால். யாருக்குச் சுவிசேஷம் சொல்லப் போனாரோ அவர்கள் வாசலில் அவர் பிச்சை கேட்டு நின்ற இந்த இடத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

போர் முடிந்தது, விடுதலையும் கிடைத்தது. ஆனால் 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், ஜட்சன் ஊரில் இல்லாத நேரம். ஆறு மாதத்தில் மரியாவும் போனாள். அதற்கப்புறம்தான் அவர் நொறுங்கினார். அந்த நொறுக்கம் சிறைக்குள் வரவில்லை பாருங்கள், வெளியே வந்த பிறகு வந்தது. கௌரவ டாக்டர் பட்டத்தைத் துறந்தார். காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனியே போய் இருந்தார். தனக்கென்று ஒரு கல்லறைக்குழி தோண்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகும் உடலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஆன் இறந்து மூன்றாம் வருடம், 1829இல் எழுதினார்: தேவன் எனக்கு அறியப்படாதவராகவே இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடையவில்லை.

இதை எழுதியவரை 'விசுவாசத்தில் குளிர்ந்துபோனவர்' என்று நாமாக இருந்தால் முத்திரை குத்தியிருப்போம். 'சாட்சி கெட்டுப்போகும்' என்று கடிதத்தையே மறைத்திருப்போம். எனக்கோ அவர் பேரில் மரியாதை வந்ததே அந்த வரியைப் படித்த பிறகுதான்.

அவர் எப்படி எழுந்தார்? ஒரே இரவில் இல்லை. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பாதியில் கிடந்தது. உடன் ஊழியர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அடுத்த அறிக்கை எங்கே என்று யாரும் அவரை ஊருக்குத் திருப்பி அழைக்கவில்லை. 1831இல் ரங்கூனில், ஷ்வேதகோன் பகோடா என்ற புத்தக் கோவிலின் திருவிழாவுக்கு வந்த ஜனங்கள் அவர் வீடு தேடி வந்து சுவிசேஷத் துண்டுப்பிரதி கேட்டார்கள். சயாம் (இன்றைய தாய்லாந்து), சீன எல்லைகளிலிருந்துகூட ஆட்கள். கேட்டவர்களுக்கு மட்டுமே கொடுத்து ஏறக்குறைய பத்தாயிரம் பிரதிகள் போயின. 1834இல் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். கடிதத்தில் அவர் கேட்ட இருபது வருடம் ஏறக்குறைய முடியப்போகிற நேரம்.

இதற்காகத் துன்பத்தைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனும் அந்தப் பிள்ளைகளும் இறந்ததை 'தேவனுடைய திட்டம்' என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிட்டு இறங்குவது எனக்குப் பிடிக்காது. இன்று வெளிநாட்டுக்கு ஒரு குடும்பத்தை அனுப்பும் சபை, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு, மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகர், முடியவில்லை என்றால் தலை குனியாமல் திரும்பி வர டிக்கெட், இவ்வளவையும் முதலிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். ஜெபத்தோடு இதுவும் சேர்ந்ததுதான் அனுப்புவது.

உங்களுக்குத் தெரிந்த மிஷனரி யாராவது இருந்தால் இந்த வாரம் ஒரு போன் போடுங்கள். அக்கா நல்லா தூங்குறாங்களா, பசங்களுக்கு அங்கே கூட்டாளிங்க கிடைச்சாங்களா என்று கேளுங்கள். ஊழியம் எப்படிப் போகுது என்று அவராக ஆரம்பித்தால் பேசட்டும்.