துணை அதிபர் வேட்பாளர் தன் மாநிலத்தைக் கூடவே கூட்டி வருவதில்லை

2024 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி நடந்த அந்த டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, ஒரே வரிதான். "ஷாப்பிரோவைப் போட்டிருந்தால் பென்சில்வேனியா வந்திருக்கும், பென்சில்வேனியா வந்திருந்தால் கமலா ஜெயித்திருப்பார்." சொன்னவர் அரசியல் ஆய்வாளர். பென்சில்வேனியாவின் ஆளுநர் ஷாப்பிரோவைக் கமலா துணை அதிபர் வேட்பாளராக எடுத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான்கு பேரில் ஒருவர்கூட கூட்டிப் பார்க்கவில்லை.

நான் கூட்டுகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை எலெக்டோரல் ஓட்டு என்று உண்டு, பெரும்பாலும் அங்கே ஜெயித்தவருக்கே மொத்தமும் போகும். 2024இல் கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது 226. பென்சில்வேனியாவுக்கு 19. இரண்டும் சேர்ந்தால் 245. ஜெயிக்க வேண்டியது 270. இன்னும் 25 ஓட்டு குறைகிறது. மிச்சிகனின் 15, விஸ்கான்சினின் 10 இரண்டுமே கூட வந்திருந்தால்தான் சரியாக 270இல் போய் நிற்கும். பென்சில்வேனியாவின் ஆளுநர் மிச்சிகன்காரர்களின் ஓட்டை எப்படி வாங்கித் தருவார்? இதற்கு அந்த மேடையில் பதில் இல்லை, ஏனென்றால் கேள்வியே வரவில்லை.

பென்சில்வேனியாவை மட்டும் எடுத்தாலும், அங்கே கமலா தோற்றது ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டில். அதை ஒரு துணை வேட்பாளர் சொந்த மாநிலம் என்பதாலேயே புரட்டிப்போட முடியுமா என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், கமலா எடுத்த டிம் வால்ஸையே பாருங்கள். மினசோட்டாவில் 2020இல் பைடன் சுமார் 7 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024இல் அந்த மாநிலத்தின் பதவியிலிருக்கும் ஆளுநரே துணை வேட்பாளர். வித்தியாசம் 4 புள்ளிச் சொச்சமாகக் குறைந்தது. கூடவில்லை, குறைந்தது.

துணை வேட்பாளர் தன் மாநிலத்தைக் கூடவே கூட்டி வருவதில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 1988இல் டுகாகிஸ் டெக்சாஸின் செனட்டர் லாய்ட் பென்ட்சனை எடுத்தார். டெக்சாஸ் மூத்த புஷ்ஷுக்குப் போனது. 2004இல் கெர்ரி வட கரோலினாவின் எட்வர்ட்ஸை எடுத்தார். வட கரோலினாவும் அவர் மகன் புஷ்ஷுக்குப் போனது. 2012இல் ராம்னி விஸ்கான்சினின் பால் ரையனை எடுத்தார். நார்ஃபோக் துறைமுகத்தில் 'விஸ்கான்சின்' என்றே பெயர் கொண்ட போர்க்கப்பலை வைத்து அறிவித்தார். விஸ்கான்சினில் ஒபாமா ஏறத்தாழ 7 புள்ளியில் ஜெயித்தார். ரையனின் சொந்த ஊரான ஜேன்ஸ்வில் இருக்கும் ராக் கவுண்டியிலேயே ஒபாமாதான் முன்னால். இவ்வளவு ஏன், 2000இல் அல் கோர் அதிபர் வேட்பாளராகவே நின்றும் சொந்த மாநிலம் டென்னசி கைவிட்டது. அதன் 11 ஓட்டு கிடைத்திருந்தால் ஃபுளோரிடா இல்லாமலேயே அவர் அதிபர். தலைவருக்கே வராத மாநிலம் துணைக்கு வந்துவிடுமா?

"1960இல் ஜான்சன்?" என்று உடனே கேட்பார்கள். சரி, நியாயமான கேள்வி. டெக்சாஸ்காரரான ஜான்சனைத் துணையாக எடுத்த கென்னடி அந்த மாநிலத்தை ஏறத்தாழ 46,000 ஓட்டில் எடுத்தார், ஜான்சன் இல்லாமல் அது நடந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஜான்சன் அப்போது செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். தெற்கே ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். துணை அதிபர், செனட்டர் இரண்டு பதவிக்கும் ஒரே நாளில் போட்டியிட டெக்சாஸ் சட்டத்தை முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு ஆளும் அப்படி ஒரு மாநிலக் கட்சியும் அமைந்தது ஒரு தடவை. அதை வைத்து அறுபது வருஷத்துக்கு மேல் எல்லோரும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்? எனக்கு வருத்தமே இங்கேதான். அந்த ஒரு மணி நேர விவாதத்தில் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பது பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இது பெரிய வேலை. நேரம் பிடிக்கும் வேலை. நேரம் கொடுக்காதபோதெல்லாம் சொதப்பியிருக்கிறது.

முதலில் இருபது, இருபத்தைந்து பெயர் கொண்ட பட்டியல். பத்திரிகை, சட்டமன்றத்தில் போட்ட ஓட்டுகள், பழைய பேச்சு, நீதிமன்ற ஆவணம் என்று பொதுவில் கிடைப்பதை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு தயாராகும். சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் நடக்கும் வேலை இது. இதிலேயே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களிடம் சம்மதம் வாங்கி, வக்கீல்கள் கேள்வித்தாள் அனுப்புவார்கள். பல வருஷத்து வருமான வரிக் கணக்கு, மருத்துவப் பதிவு, கடன், வழக்கு, கணவன் அல்லது மனைவியின் தொழில், பிள்ளைகளின் சமூக வலைதளக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். எதுவும் வெளியே கசியக்கூடாது, அதனால் ஒருவரின் கோப்பை மொத்தமாகப் பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். பிறகு வக்கீல்கள் நேரில் உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்பார்கள். கூச்சப்பட வைக்கும் கேள்விகள் அங்கேதான் வரும். கடைசியில்தான் அதிபர் வேட்பாளரோடு தனியாகச் சந்திப்பு.

இதோடு சட்டச் சிக்கல் தனி. அரசியலமைப்பின் 12ஆவது திருத்தத்தின்படி ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் (எலெக்டோரல் ஓட்டுப் போடுபவர்கள்) அதிபர், துணை அதிபர் இரண்டு ஓட்டையும் தங்கள் மாநிலத்தவருக்கே போட முடியாது. 2000இல் புஷ் துணையாக எடுத்த டிக் செய்னி டெக்சாஸில் குடியிருந்தார், புஷ்ஷும் டெக்சாஸ். செய்னி ஜூலையில் வயோமிங்குக்குப் போய் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டார். மாற்றாமல் விட்டிருந்தால் டெக்சாஸின் 32 ஓட்டு செய்னிக்கு விழுந்திருக்காது. புஷ் ஜெயித்ததே 271இல். 2024இல் வட கரோலினா ஆளுநர் ராய் கூப்பர் துணை வேட்பாளர் பரிசீலனையிலிருந்து தானாகவே விலகினார். அவர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் எதிர்க்கட்சியைச் சேர்ந்த துணை ஆளுநர் பொறுப்பு ஆளுநராகிவிடுவார் என்பது அந்த மாநிலச் சட்டம். பிரசாரத்துக்கு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆட்சியை எதிராளி கையில் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? இப்படிப்பட்ட காரணங்களால்தான் பெயர்கள் விழுகின்றன.

நேரம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972 போதும். மயாமி பீச்சில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ஜூலை 13 அன்று பிற்பகலுக்குள் துணை வேட்பாளர் பெயரைக் கொடுக்க வேண்டும். அதிபர் வேட்பாளர் மெக்கவர்னின் ஆட்கள் காலையில்தான் பட்டியலோடு உட்கார்ந்தார்கள். டெட் கென்னடி மறுத்துவிட்டார். இன்னும் சிலரும் மறுத்தார்கள். கெடு நெருங்க நெருங்க மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குப் போன் போகிறது. அவர் அந்த நிமிஷமே சரி என்கிறார். மெக்கவர்ன் ரிசீவரை உதவியாளர் ஃபிராங்க் மான்கிவிட்ஸிடம் கொடுக்கிறார். பழைய விவகாரம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்கிறார். இல்லை என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் சோதனை. நூறு பக்கக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் உரையாடல்.

ஈகிள்டன் மன அழுத்தத்துக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்திருந்தார், மின் அதிர்ச்சி சிகிச்சையும் எடுத்திருந்தார். அது வெளியே வந்தது. பதினெட்டாவது நாள் விலகினார். தயவுசெய்து இதைத் தவறாகப் படிக்காதீர்கள். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தது குற்றமே இல்லை, அதன்பிறகும் அவர் பல வருஷம் நல்ல செனட்டராக இருந்தார். மெக்கவர்னுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் துணிந்து தாங்கியிருக்கலாம், அல்லது வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். தெரியாமல் மாட்டிக்கொண்டு, முதலில் ஆயிரம் சதவீதம் கூட நிற்கிறேன் என்று சொல்லி, பிறகு கைவிட்டார். ஓட்டுப் போட்டவர்கள் அந்தத் தடுமாற்றத்தைத்தான் பார்த்தார்கள். நவம்பரில் மாசசூசெட்ஸும் வாஷிங்டன் நகரமும் மட்டுமே கிடைத்தன.

1976இல் ஜிம்மி கார்ட்டர் இந்தப் பாடத்தைப் படித்தார். வாரக்கணக்கில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசி, கோப்புகளைப் பார்த்து மாண்டேலை எடுத்தார். வெள்ளை மாளிகையில் அதிபரின் அலுவலகம் இருக்கும் வெஸ்ட் விங்கிலேயே துணை அதிபருக்கு அறை கொடுத்ததும் அவர்தான். அதற்குப் பிறகும் 2008இல் குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன், ஜனநாயகக் கட்சிப் பக்கமிருந்த செனட்டர் லீபர்மேன் மேல் ஆசை வைத்து, கட்சிக்குள் எதிர்ப்பு வரவும் கடைசி நாட்களில் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினிடம் போனார். ஆகஸ்ட் 28 பண்ணை வீட்டில் பேச்சு, 29 அன்று டேட்டனில் அறிவிப்பு. பேலினால் கூட்டம் கூடியது, கட்சித் தொண்டர்கள் எழுந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பத்திரிகை படிப்பீர்கள் என்ற சாதாரணக் கேள்விக்கு ஒரு பெயர் சொல்ல முடியாமல் தேசியத் தொலைக்காட்சியில் திணற வேண்டிவந்ததே, அந்தப் பேட்டிக்கு அவரைத் தயார் செய்யாமல் அனுப்பியது யார்?

இப்போது 2024க்கு வருவோம். பைடன் விலகியது ஜூலை 21. வால்ஸ் பெயர் வந்தது ஆகஸ்ட் 6. பதினாறு நாள். ஆகஸ்ட் 7க்குள் பெயர் வேண்டும் என்று கட்சி கெடு வைத்திருந்தது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் தலைமையில் வக்கீல்கள் இராப் பகலாகக் கோப்புகளைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிரோ, அரிசோனா செனட்டர் மார்க் கெல்லி, வால்ஸ் மூவருடனும் சந்திப்பு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிலடெல்பியாவில் கூட்டம். சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும் வேலை இது. 2020இல் பைடன் தேடல் குழுவை அறிவித்ததற்கும் கமலாவின் பெயரைச் சொன்னதற்கும் இடையே நூறு நாளுக்கு மேல். அந்தப் பதினாறு நாளில் தப்பிப் போனது எது? 1989 ஜூனில் சீனாவில் தியானன்மென் படுகொலை நடந்தபோது ஹாங்காங்கில் இருந்தேன் என்று வால்ஸ் பலமுறை சொல்லியிருந்தார். அவர் போனது ஆகஸ்டில். டிரம்ப்பின் துணை வேட்பாளர் வான்ஸோடு நடந்த விவாத மேடையில் அந்தக் கேள்வி வந்தபோது அவர் தவித்ததை எல்லோரும் பார்த்தோம். ஒருவரின் பழைய பேச்சுகளைத் தேதியோடு ஒப்பிட ஆட்களும் வாரங்களும் வேண்டும். வாரங்கள் இல்லை.

கமலா செய்த தேர்வில் குறை சொல்லலாம். எனக்கும் குறை உண்டு. நானாக இருந்தால் மார்க் கெல்லியை எடுத்திருப்பேன், அவர் செனட் இடம் காலியானாலும் அரிசோனா ஆளுநர் அதே கட்சிக்காரரை நியமித்திருக்கலாம். அரிசோனா வந்திருக்குமா என்றால், வந்திருக்காது என்றே சொல்வேன்.

டிரம்ப் எடுத்த ஆளைப் பாருங்கள். வான்ஸ் ஓஹாயோ. ஓஹாயோ 2024இல் போட்டி மாநிலமே இல்லை. மாநிலக் கணக்குதான் வெற்றியைத் தரும் என்றால் ஜெயித்தவர் அந்தக் கணக்கைப் போடவே இல்லையே.

"ஓட்டே வராது என்றால் எதற்கு இவ்வளவு சோதனை" என்று கேட்பவர்களுக்கு: இதுவரை ஒன்பது துணை அதிபர்கள் அதிபர் நாற்காலி நடுவில் காலியானதால் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு பேர் அதிபர் இறந்ததால், ஃபோர்டு நிக்சன் பதவி விலகியதால். ஃபோர்டு துணை அதிபரானதே, சரியாகச் சோதிக்காமல் நிக்சன் எடுத்த ஆக்னியூ மேரிலாந்தில் லஞ்சம் வாங்கியதாக நடந்த விசாரணையில் சிக்கி 1973இல் பதவி விலகியதால். செனட்டில் 50க்கு 50 ஆனால் முடிக்கும் ஓட்டும் துணை அதிபருடையது. கமலா துணை அதிபராக 33 முறை போட்டார், வேறு எவரும் அத்தனை போட்டதில்லை.

இதைச் சொல்லும்போதுதான் அந்த விவாதத்தின் இன்னொரு வரி நெஞ்சில் குத்துகிறது. "கமலாவே கோட்டாவில் வந்தவர்தானே." யாரும் மறுக்கவில்லை. கமலாவின் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் 2020இல் கோலம் போட்டு, பூஜை செய்து, பட்டாசு வெடித்ததைப் படம் பிடித்துப் போட்ட அதே சேனல் இது. அவர் சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர், ஆறு வருஷம் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல், அதன்பிறகு செனட்டர். மூன்றுமே தேர்தலில் நின்று ஜெயித்த பதவிகள். பெண்ணைத்தான் எடுப்பேன் என்று பைடன் மார்ச்சிலேயே சொன்னார், உண்மை. அப்படிச் சொன்ன பிறகும் நூறு நாள் பல பெண்களின் கோப்புகளைப் பார்த்துத்தான் எடுத்தார். கென்னடி தெற்கத்திக்காரரைத் தேடியதையும், ரேகன் கட்சியின் மிதவாதிகளுக்காக மூத்த புஷ்ஷை எடுத்ததையும் யாரும் கோட்டா என்று சொன்னதில்லை. அது வியூகம். ஒரு பெண், அதிலும் கறுப்பினத் தந்தைக்கும் சென்னையில் பிறந்த தாய்க்கும் பிறந்தவர் என்றதும் சொல் மாறிவிடுகிறது.

"உனக்கு எதற்கு அமெரிக்கத் தேர்தல்" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்த மேடையில் இருந்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டீர்களா?

அந்த ஆய்வாளரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை உட்காரும்போது ட்ரூமனைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள். 1944இல் கட்சித் தலைவர்கள் அப்போதைய துணை அதிபர் வாலஸைக் கழட்டிவிட்டு அவரை ஏற்றினார்கள். ரூஸ்வெல்ட் எவ்வளவு நோயாளி என்று அவர்களுக்குத் தெரியும். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள். ரூஸ்வெல்ட் இறந்து, 1945 ஏப்ரல் 12 மாலை அதிபராகப் பதவியேற்றபோது அணுகுண்டு தயாராகிறது என்பது அவருக்குத் தெரியாது. போர் அமைச்சர் ஸ்டிம்சன் அன்று ஒரு வரி சொன்னார். முழு விவரம் கிடைக்க ஏப்ரல் 25 ஆனது.