உயிலுக்கு முத்திரைத்தாள் எதுக்குங்க?

சேலத்துல ஒரு மனுஷன் உயில் எழுதணும்னு மனசு வெச்சா, முதல்ல ஓடுறது முத்திரைத்தாள் விக்கிற இடத்துக்கு. இருபது ரூபாய்த் தாளா, நூறு ரூபாய்த் தாளா, யார் பேர்ல வாங்கணும்னு அரை நாள் விசாரணை. ஐயா, உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். பதிவு பண்றதும் கட்டாயமில்லை. பண்ணினா நல்லது, அவ்வளவுதான்.

சட்டம் கண்டிப்பாக் கேக்குற விஷயம் வேற. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவு: எழுதுறவர் கையெழுத்தோ ரேகையோ வைக்கணும். குறைஞ்சது ரெண்டு சாட்சி அதைக் கண்ணால பார்த்திருக்கணும், இல்லைன்னா ‘இது என் கையெழுத்துதான்’னு அவர் வாயால சொல்லக் கேட்டிருக்கணும். அப்புறம் அவர் கண்ணு முன்னால சாட்சிகளும் கையெழுத்துப் போடணும். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு சாட்சிக்குத் தெரியணும்னுகூட இல்லை.

இந்த ரெண்டு சாட்சியை நம்ம ஆளுங்க எப்படிப் பிடிக்கிறாங்க? பத்திர ஆபீஸ் வாசல்ல டீ குடிச்சிட்டு நிக்கிற ரெண்டு பேரை! இல்லைன்னா, எழுதுறவரைவிட அஞ்சு வயசு மூத்த பங்காளியை. எழுவது வயசுக்காரர் உயிலுக்கு எழுவத்தஞ்சு வயசுல சாட்சி! பதினஞ்சு வருஷம் கழிச்சு கோர்ட்டுல அந்த உயிலை நிரூபிக்கணும்னா, உயிரோட இருக்குற சாட்சியில ஒருத்தராவது கூண்டேறிச் சொல்லணும். டீக்கடை ஆளை எங்கே போய்த் தேடுவீங்க? ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னா, ஒரு சாட்சியோட கையெழுத்தையும் எழுதினவர் கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேடி அலையணும்.

“ரெஜிஸ்டர் பண்ணியாச்சே, அப்புறமென்ன?”ன்னு கேக்குறவங்களுக்கு: பதிவான மத்த பத்திரத்துக்கு, எதிராளி மறுத்தாத்தான் சாட்சியைக் கூப்பிடணும். அந்தச் சலுகை உயிலுக்கு மட்டும் கிடையாது. சட்டத்துலயே உயிலைத் தனியாப் பேர் சொல்லி விலக்கி வெச்சிருக்காங்க. சீல் குத்தினதும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கிற நினைப்பு இருக்கே, அதுலதான் பல குடும்பம் கோர்ட்டுப் படி ஏறுது.

அடுத்த கூத்து. சொத்து வாங்கப்போற மகனே அப்பாவை வண்டில ஏத்திட்டுப் போறான், அவனே வாசகம் சொல்றான், அவன் கூட்டாளியே சாட்சி. ஒரு பொண்ணுக்கு ஒண்ணுமே எழுதலை, ஏன்னு ஒரு வரி காரணமும் இல்லை. சந்தேகத்துக்கு இடமான உயில்னா அந்தச் சந்தேகத்தைப் போக்குற பொறுப்பு உயிலைக் காட்டுறவன் தலையிலன்னு சுப்ரீம் கோர்ட் 1959லயே சொல்லிடுச்சு. சாட்சிக்கே பங்கு எழுதினா கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னும் மோசம்: சாட்சிக்கோ, அவர் கணவன் மனைவிக்கோ எழுதினது 67ஆம் பிரிவுப்படி செல்லாது. ஏற்காட்டுல இது தெரியாம எத்தனை பேர் மருமகளைச் சாட்சி போட வைக்கிறாங்களோ.

சொத்து விவரத்துலயும் இதே அலட்சியம். ‘என் காபித் தோட்டம் முழுவதும் இரண்டு மகன்களுக்கும் சமமாக’ன்னு ஒரே வரி. சர்வே நம்பர் எங்கே, உட்பிரிவு எங்கே? மேல் பாதி யாருக்கு, ரோட்டை ஒட்டின கீழ் பாதி யாருக்கு? மேல இருக்குறவன் எந்த வழியா ஜீப்பை ஏத்துவான்? ஊத்துத் தண்ணி யாருக்கு? மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரத்தை வெட்டுற உரிமை? எழுதலைன்னா அண்ணன் தம்பி மலைமேல வேலி போட்டுக்கிட்டு நிப்பாங்க. செவ்வாய்ப்பேட்டையில வீட்டை எழுதிட்டு, உள்ளே இருக்குற கொலுசுப் பட்டறைச் சாமானை விட்டுடுறாங்க. ‘இதில் சொல்லாத மற்ற எல்லாம் இன்னாருக்கு’ன்னு கடைசியில ஒரு வரி போட என்ன கேடு? பாட்டன் சொத்துன்னா தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும்ங்கிறதையும் மறந்துடுறாங்க.

புரொபேட், அதாவது உயில் உண்மையானதுதான்னு கோர்ட்டுல சான்று வாங்குறது, அந்தப் பயம் தனிக்கதை. அதை வாங்கியே ஆகணும்ங்கிற கட்டாயம், சென்னை மாதிரி ஐகோர்ட்டே நேரடியா சிவில் வழக்கை எடுத்துக்கிற நகர எல்லைக்காக வந்தது. சேலத்துல எழுதி, சேலத்துலயே சொத்து இருக்குற இந்துவுக்கு அது எப்பவும் கட்டாயமா இருந்ததில்லை.

சரி, எழுதவே வேண்டாம், பொண்டாட்டி பிள்ளைக்குத்தானே போகும்னு சும்மா இருக்குறவங்களுக்கு: இந்து ஆம்பளை உயில் இல்லாமப் போனா, உயிரோட இருக்குற அவர் அம்மாவுக்கும் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமான பங்கு. அப்பாவுக்கு அந்த வரிசையில இடமில்லை. அந்த அம்மாவும் அப்படியே போயிட்டா அவங்க பங்கு மத்த பிள்ளைங்களுக்கும் போகும். அதாவது நாத்தனாரும் கொழுந்தனாரும் உங்க வீட்டுல பங்குதாரர். வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசுன்னு மட்டும்தான் சொல்லும். பேங்க் நாமினி பணத்தை வாங்குற ஆள்தான், சொந்தக்காரர் ஆயிடமாட்டார்.

இத்தனையும் சரியாப் பண்ணினவங்களும் கடைசியில ஒண்ணு பண்றாங்க பாருங்க. மனசு மாறி, பேனாவால ஒரு பேரை அடிச்சு, மேல இன்னொரு பேரை எழுதி, ஓரத்துல தன் கையெழுத்தை மட்டும் போடுறாங்க. அந்தத் திருத்தத்துக்கும் ரெண்டு சாட்சி வேணும். இல்லைன்னா பழைய பேரே நிக்கும். அப்புறம் அந்த அசலை எங்கே வைக்கிறாங்க? யாருக்கும் சொல்லாம, நாமினிகூடப் போடாம, தன் ஒருத்தர் பேர்ல எடுத்த பேங்க் லாக்கருக்குள்ள.