சீட்டுப் போடுவது சட்டத்தில் இருக்கிறது

"வாக்குகள் சமமானால் மறுதேர்தல்தான் சட்டம், சீட்டுக் குலுக்குவது அதிகாரிகள் சுலபத்துக்காகச் செய்யும் முறைகேடு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65ஆம் பிரிவு, நேரடியாகவே சொல்கிறது: வாக்குகள் சமமாக இருந்தால் தேர்தல் அதிகாரி உடனே சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும், யார் பெயருக்குச் சீட்டு விழுகிறதோ அவர் கூடுதலாக ஒரு வாக்கு பெற்றதாகக் கருதப்படுவார். அதிகாரிக்கு இதில் விருப்பம் என்று ஒன்றும் கிடையாது.

மறுதேர்தல் என்ற விதி உலகில் இல்லாமல் இல்லை. கனடாவின் கூட்டாட்சித் தேர்தலில் அப்படித்தான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதே கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்தில் 2015இல் ஒரு தொகுதியை நாணயம் சுண்டித்தான் தீர்த்தார்கள்.

அப்புறம், எல்லா இடத்திலும் எண்ணி முடித்ததும் குலுக்கலுக்கு ஓடிவிடுவதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் 2017இல் ஒரு தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். மறு எண்ணிக்கையில் ஷெல்லி சைமண்ட்ஸ் என்ற வேட்பாளர் ஒரே வாக்கில் முந்தினார். மறுநாள், இரண்டு பெயருக்கும் குறியிட்டு ஒன்றின் மேல் கோடு இழுத்திருந்த ஒரு வாக்குச்சீட்டை நீதிபதிகள் எதிர்த்து நின்ற டேவிட் யான்சிக்குச் சேர்த்தார்கள். ஆளுக்கு 11,608 வாக்குகள் என்று சமமானது. அதன் பிறகுதான் 2018 ஜனவரியில், ஃபிலிம் டப்பாக்களில் பெயரைப் போட்டு ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து எடுத்தார்கள். யான்சி வென்றார்.

முறை பிடிக்கவில்லை என்றால் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. சட்டப்படி நடந்ததை முறைகேடு என்று மட்டும் எழுத வேண்டாம்.