போத்தலுக்கு வோட்டு விற்றவளின் பேத்தி எழுதுகிறேன்

முந்தாநாள் டீவி விவாதத்தில் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்களான எங்களைப் பற்றி அந்த ஐயா சொன்னதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "தோட்டத்து ஆட்கள் போத்தலுக்கும் அரிசிக்கும் வோட்டை வித்துட்டு, அப்புறம் சம்பளம் போதாதுன்னு அழுவாங்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயாவை விட்டுவிடலாம், அந்தச் சிரிப்பைத்தான் விட முடியவில்லை.

ஐயா, விற்பதற்குக் கையில் வோட்டு இருக்க வேண்டுமே. 1947 தேர்தலில் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். 1952 தேர்தலில் எங்கள் ஆட்கள் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. மறுபடி அவரைத் தெரிவு செய்து அனுப்ப 1977 ஆனது. முப்பது வருஷம்! ஊரெல்லாம் பாலமும் பாடசாலையும் எங்கே என்று பேசி முடிவெடுத்த முப்பது வருஷம். வோட்டில்லாத லயத்தை, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளை, எந்த மந்திரி எட்டிப் பார்ப்பார்? வோட்டு போனது முதலில், வயிறு காய்ந்தது அதற்குப் பிறகு. நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

என் அப்பாயி பதினாலு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்களே, அதில் அவள் தம்பி கோத்தகிரிக்குப் போனார், இவள் இங்கே நின்றாள். முதல் வோட்டுப் போடும்போது தலை நரைத்துவிட்டது. மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் சுண்டுவிரல் மை தெரியக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாளாம். "அரைப்பேர்தான் போடுவேன்", அதாவது அரைநாள் சம்பளம்தான், என்று கங்காணி மிரட்டியும் அடங்கவில்லையாம். அவளுக்கு யாரும் போத்தல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தாத்தா கண்ணில் படாமல் ஒளித்திருப்பாள், அது வேறு கதை.

"எல்லாம் பழைய கதை" என்று ஒருவர் வருவார், தெரியும். பிரதேச சபைக்கு எங்களிடம் வோட்டுக் கேட்டு வந்தார்கள். ஆனால் 1987 சட்டப்படி சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லை. திருத்தியது 2018இல். 2018 பழைய கதையா? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வருஷக்கணக்காகக் கேட்டு 2021இல்தான் கிடைத்தது, அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. என் கதையையும் சொல்கிறேன். லயத்துக்கு விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். என் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து நாலு நாள் கழித்துக் கைக்கு வந்தது. அதையும் நான் வித்துட்டேன் போல.

"உங்கள் தலைவர்கள் சரியா?" சரியில்லைதான். அவர்களைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

"நீ படித்துக் கொழும்புக்கு வந்துவிட்டாயே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இதையே வேறு மொழியில் யாராவது சொல்லியிருந்தால் பழகிப்போன ஒன்று என்று கடந்திருப்பேன். 'கள்ளத்தோணி' என்ற வசவைக் கேட்டு வளர்ந்த காதுதானே. ஆனால் இவர் தமிழில் சொன்னார். எங்கள் பிரஜாவுரிமைக்காகத் தமிழ்க் காங்கிரஸ் கட்சியை விட்டுப் பிரிந்து வந்த தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர் அவர். சிரித்தவர்களும் தமிழில்தான் சிரித்தார்கள்.

நேற்று ராத்திரி அம்மா போன் எடுத்தாள். "டீவியில நம்மளப் பத்திப் பேசுனாங்களாமே, நல்லபடியாவா?"

"ஆமாம்மா" என்றேன்.