அடுத்த கன்சோலிடம் நாம் கேட்காமல் விடும் கேள்வி

2025 அக்டோபரில், சோனியின் பிளேஸ்டேஷன் கேம் கன்சோல்களை வடிவமைக்கும் மார்க் செர்னியும் அவற்றுக்குச் சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் சேர்ந்து பேசிய ஒரு சிறிய காணொளி வெளியானது. ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) வேலைக்கென்றே சிப்பில் தனி கோர்கள், நினைவகத்துக்குப் போய்வரும் தரவைச் சுருக்கும் புதிய முறை என்று சிலவற்றை விளக்கிவிட்டு, இவை இப்போதைக்குக் கணினியில் உருவகப்படுத்திய நிலையில்தான் இருக்கின்றன என்றும், சில ஆண்டுகளில் வரவிருக்கும் ஒரு கன்சோலில் இவற்றைக் கொண்டுவர ஆவலாக இருப்பதாகவும் செர்னி சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூனில் மைக்ரோசாஃப்ட்டும் தன் அடுத்த எக்ஸ்பாக்ஸ் தலைமுறைக்காக ஏஎம்டியுடன் பல்லாண்டு ஒப்பந்தம் செய்திருப்பதாக அறிவித்திருந்தது. இந்த இரண்டு செய்திகளை அடித்தளமாக வைத்து, நினைவகம் எத்தனை ஜிகாபைட், விலை எத்தனை டாலர், டிஸ்க் டிரைவ் இருக்குமா இருக்காதா என்று ரசிகர்கள் எழுப்பியிருக்கும் ஊகக் கோட்டைகளுக்கு அளவே இல்லை.

இந்த ஆர்வத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் அதில் பங்குகொள்கிறவன்தான். ஒரு கன்சோலுக்காகக் காத்திருக்கும் காலம் பல நேரங்களில் அதை வாங்கிய பிறகான முதல் மாதத்தைவிட இனிமையாக இருக்கும். ஆனால் இத்தனை ஊகங்களையும் படித்து முடித்த பிறகு, என் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு கேள்வி மட்டும் எங்குமே எழுப்பப்படவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. இன்றைய கன்சோலில் நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் டிஎல்சிகள், அதாவது கேமோடு சேர்த்துத் தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் அத்தியாயங்கள், பாத்திரங்கள், வரைபடங்கள், வரவிருக்கும் டிஎல்சிகளை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் சீசன் பாஸ்கள் எல்லாம் அடுத்த கன்சோலுக்கு என்னுடன் வருமா?

நம் ஊகம் ஏன் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்று யோசித்தால் காரணம் புரிகிறது. கசிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊகம் இருக்கும். கன்சோல் என்பது ஒரு பொருள். அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் உண்டு, உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் ஆலைகள் உண்டு, மாதங்களுக்கு முன்பே அதைக் கையில் பெறும் கேம் நிறுவனங்கள் உண்டு. இந்த வழிகளில் எல்லாம் செய்தி கசியும். 2016 ஜூலையில், நிண்டெண்டோ வாய் திறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, என்எக்ஸ் என்ற பெயரில் அறியப்பட்ட கருவி கையில் எடுத்துச் செல்லக்கூடியது, அதன் கன்ட்ரோலர்கள் கழன்று வரும் என்ற தகவல் வெளியாகிவிட்டது. பிறகு ஸ்விட்ச் என்ற பெயரில் அது அப்படியேதான் வந்தது. 2019-இல் பரவிய வி வடிவப் படங்கள் உண்மையில் பிளேஸ்டேஷன் 5-க்கான கேம்களை உருவாக்குபவர்களிடம் கொடுக்கப்பட்ட சோதனைக் கருவியுடையவை; கடைக்கு வந்த கன்சோலின் தோற்றமோ வேறு. 4கே தரத்தில் ஒரு ‘ஸ்விட்ச் புரோ’ வரப்போகிறது என்று எல்லோரும் அடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, 2021 ஜூலையில் நிண்டெண்டோ அறிவித்தது ஓஎல்இடி திரை கொண்ட ஸ்விட்சை மட்டுமே. சரியோ தவறோ, பேசுவதற்கு ஏதோ ஒரு படமும் எண்ணும் கையில் கிடைத்தன.

கன்சோலின் இணையக் கடையில் எதை, எந்த விலைக்கு, எந்த நிபந்தனையில் விற்பது என்ற கடைக் கொள்கைக்கு அப்படி எந்தப் படமும் கிடையாது. அது ஆலையில் செய்யப்படுவதில்லை; ஓர் அறைக்குள் சிலர் உட்கார்ந்து, பெரும்பாலும் கடைசி நேரத்தில், எடுக்கும் முடிவு அது. ஸ்விட்ச் 2-இன் கன்ட்ரோலர்கள் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது முன்கூட்டியே பேசப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கான மரியோ கார்ட் வேர்ல்ட் கேமின் விலை 79.99 டாலர் என்று 2025 ஏப்ரலில் தெரியவந்தபோது ரசிகர்களில் பெரும்பாலோர் அதிர்ந்துதான் போனார்கள். உள்ளே கேமே இல்லாமல், இறக்கிக்கொள்வதற்கான சாவியை மட்டும் தாங்கிய கேம்-கீ கார்டுகளின் கதையும் ஏறத்தாழ அதுதான். நம் பணப்பையைத் தொடும் முடிவுகளை மட்டும் நாம் கடைசியாகவே அறிந்துகொள்கிறோம்.

டிஎல்சி என்றாலே கொள்ளை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2006 ஏப்ரலில் பெதெஸ்டா நிறுவனம் ஆப்ளிவியன் கேமில் குதிரைக்கு ஒரு கவசத்தை 2.50 டாலருக்கு விற்றபோது எழுந்த கேலி இன்றுவரை ஓயவில்லை. அந்தக் கேலி நியாயமானதுதான். ஆனால் விட்சர் 3-க்கு 2016-இல் வந்த பிளட் அண்ட் வைன் போன்ற விரிவாக்கங்கள், முழுவிலை கொடுத்து வாங்கும் பல கேம்களைவிட நிறைவானவை. எல்டன் ரிங் கேமுக்கு 2024 ஜூனில் 39.99 டாலருக்கு வந்த ஷேடோ ஆஃப் த எர்ட்ரீயை விளையாடியவர்கள் யாரும் அதை உதிரிச் சரக்கு என்று சொல்ல மாட்டார்கள். கதையின் சிறந்த பகுதியே டிஎல்சியில் இருக்கும் காலம் இது. அதனால்தான் அது தொலைந்துபோவது இன்று பெரிய இழப்பாகிறது.

அது எப்படித் தொலைகிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் வாங்கிய கேம் டிஸ்க்கோடு போகும். இரவல் கொடுக்கலாம், விற்கலாம். டிஎல்சியோ வாங்கியவருடைய கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. கேம் திறக்கும்போது, இந்தக் கணக்குக்கு இந்தப் பகுதிக்கான உரிமம் உண்டா என்று கன்சோல் சரிபார்க்கிறது. இருந்தால் கதவு திறக்கும், இல்லையென்றால் பூட்டுதான். ஒரு நாட்டுப் பதிப்பின் டிஸ்க்கை வைத்துக்கொண்டு வேறொரு நாட்டுக் கடையில் டிஎல்சி வாங்கினால், கேமும் டிஎல்சியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாத நிலையும் பலருக்கு நேர்ந்திருக்கிறது. பழைய கன்சோலுக்காக நான் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கேமின் முகப்புப் பட்டியலில் மூன்று கூடுதல் அத்தியாயங்களின் பெயர்கள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் சிறிய பூட்டுச் சின்னம். அழுத்தினால் கடைக்கு அழைத்துச் செல்கிறது. கடை மூடப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வருகிறது. ‘சரி’ என்ற பொத்தானைத் தவிர அங்கே அழுத்துவதற்கு வேறெதுவும் இல்லை. அந்த மூன்று அத்தியாயங்களையும் முறையாகக் காசு கொடுத்து வாங்க நான் தயார். வாங்க வழிதான் இல்லை.

கடைகள் மூடப்படுவது அரிதான செய்தியும் அல்ல. நிண்டெண்டோவின் வீ கன்சோலின் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் இரண்டின் கடைகளிலும் 2023 மார்ச் 27-உடன் விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலை 29-இல் மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளச் சில கடைகள் இடம் கொடுத்திருக்கின்றன என்றாலும், அந்த ஏற்பாடும் அந்த நிறுவனத்தின் தயவில்தான் நிற்கிறது.

கடை திறந்திருக்கும்போதே தலைமுறை மாற்றம் எப்படி நம்மை இரண்டாவது முறை பணம் கட்ட வைக்கிறது என்பதற்கு மரியோ கார்ட் 8-ஐவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2014-இல் வீ யூவுக்கு வந்த அந்தக் கேமுக்கு இரண்டு டிஎல்சி தொகுப்புகள் வெளியாயின. இரண்டும் சேர்த்து 11.99 டாலருக்கு 16 பந்தயத் தடங்கள் கிடைத்தன. நியாயமான விலை, நல்ல தடங்கள். 2017 ஏப்ரலில் அதே கேம் அந்தத் தடங்களையும் உள்ளடக்கி டீலக்ஸ் என்ற பெயரில் ஸ்விட்சுக்கு வந்தபோது, வீ யூவில் எல்லாவற்றையும் வாங்கியிருந்தவர் மறுபடி 59.99 டாலர் முழுவிலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்பு வாங்கியதற்காக ஒரு சிறு தள்ளுபடிகூட இல்லை.

இன்னொரு வகை இழப்பு ஒரு தலைமுறையின் கடைசி ஆண்டுகளில் நேர்கிறது. இதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் 2022 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுக்கும் வந்தது. அதன் கதையைத் தொடரும் பர்னிங் ஷோர்ஸ் டிஎல்சி 2023 ஏப்ரலில் வந்தபோது பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டுமே வந்தது. சைபர்பங்க் 2077 கேமை 2020 டிசம்பரில் பழைய கன்சோல்களில் வாங்கி, அதன் ஆரம்பகாலக் கோளாறுகளை எல்லாம் பொறுத்துக்கொண்டவர்களுக்கு, 2023 செப்டம்பரில் வந்த ஃபேன்டம் லிபர்ட்டி எட்டவே இல்லை. அது புதிய தலைமுறைக்கும் கணினிக்கும் மட்டுமே. பழைய வன்பொருளால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது என்ற தொழில்நுட்பக் காரணத்தை நான் மறுக்கவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேமை வாங்கும் நாளில், இதன் தொடர்ச்சி உங்கள் கன்சோலில் வராது என்று யாராவது சொன்னார்களா? கதையின் முடிவைப் பார்க்க 500 டாலர் கன்சோல் ஒன்று தேவைப்படும் என்று முன்பே தெரிந்திருந்தால் எத்தனை பேர் அந்தக் கேமை அன்று வாங்காமல் காத்திருந்திருப்பார்கள்? அடுத்த தலைமுறைக்கு மாறும் ஆண்டுகளிலும் இதே நிலைதான் திரும்ப வரப்போகிறது. இரு தலைமுறைகளுக்கும் சேர்த்து வெளியாகும் ஒவ்வொரு கேமின் சீசன் பாஸையும் இந்தச் சந்தேகத்தோடுதான் நான் பார்ப்பேன்.

சீசன் பாஸ் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதை விற்றுக் கொடுப்பதே நம் ஊகம்தான். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை கேமுக்கான முதல் சீசன் பாஸான ஃபைட்டர்ஸ் பாஸ் 2018 நவம்பரில் 24.99 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டபோது, அதில் வரும் ஐந்து வீரர்களில் ஒருவருடைய பெயர்கூடச் சொல்லப்படவில்லை. 2020 ஜனவரியில் இரண்டாம் பாஸ் அறிவிக்கப்பட்டபோது ஆறு பெயர்களும் மறைவாகவே இருந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் நாம்தான். 2018 அக்டோபரில் வரப்போகும் வீரர்களைக் காட்டுவதாக, ஒரு அச்சகத்தில் எடுக்கப்பட்டதுபோலத் தோன்றிய விளம்பரத் தட்டி ஒன்றின் புகைப்படம் பரவியது. பக்கத்தில் கிரின்ச் திரைப்படத்தின் விளம்பரமும் தெரிந்ததால் இது மெய்தான் என்று ரசிகர்கள் அதன் ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கி ஆராய்ந்தார்கள். நவம்பர் 1 அன்று வந்த அதிகாரப்பூர்வ அறிவிப்பு அது போலி என்று காட்டிவிட்டது. ஆனால் அத்தனை நாட்கள் நடந்த அந்த ஆராய்ச்சி எத்தனை விளம்பரங்களுக்குச் சமம் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாளில் வந்த வீரர்கள் அருமையாகவே அமைந்தார்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என்னவென்றே தெரியாத பொருளுக்கு முன்பணம் வாங்கும் பழக்கத்தை நம் உற்சாகம் இயல்பாக்கிவிட்டது என்பதுதான் என் கவலை.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவை ஏறத்தாழ எல்லாமே அவற்றின் டிஎல்சிகளோடு 5-இல் இயங்குகின்றன. எக்ஸ்பாக்ஸ் இதில் இன்னும் ஒரு படி முன்னே. 360 காலத்துக் கேம்கள் பலவும் அவற்றின் டிஎல்சிகளும் இன்றைய சீரிஸ் எக்ஸில் ஓடுகின்றன. ஸ்விட்சில் வாங்கியவையும் பெரும்பாலும் ஸ்விட்ச் 2-க்கு வந்துவிட்டன. ஆனால் நுழைவாயிலைத் திறந்துவிட்டு உள்ளே புதிய சுங்கச்சாவடி அமைப்பது இப்போதைய போக்காகியிருக்கிறது. பிரெத் ஆஃப் த வைல்ட் கேமின் ஸ்விட்ச் 2 பதிப்பை 69.99 டாலர் கொடுத்துப் புதிதாக வாங்குகிறவருக்கு, 2017-ஆம் ஆண்டின் டிஎல்சித் தொகுப்பான எக்ஸ்பான்ஷன் பாஸ் அதில் கிடைக்காது. அதற்குத் தனியாக 19.99 டாலர் கட்ட வேண்டும். டாங்கி காங் பனான்சா 2025 ஜூலையில் வந்தது, அதன் 19.99 டாலர் டிஎல்சி செப்டம்பரிலேயே வந்துவிட்டது. போக்கிமான் லெஜண்ட்ஸ் இசட்-ஏ விஷயத்தில் கேம் அக்டோபரில் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பே அதன் டிஎல்சி அறிவிக்கப்பட்டது. புதிய கன்சோலின் முதல் ஆண்டே இப்படி என்றால், வரவிருக்கும் மற்ற கன்சோல்களின் முதல் ஆண்டையும் நாம் இந்தக் கணக்கோடுதான் எதிர்பார்க்க வேண்டும்.

நாம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பு கட்டாயம், பழைய டிஸ்க்கை விற்கக் கட்டுப்பாடு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ரசிகர்களின் எதிர்ப்பால் கன்சோல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, அது கைவிடப்பட்டது. 2021 செப்டம்பரில், ஃபர்பிடன் வெஸ்டின் சாதாரண பிளேஸ்டேஷன் 4 பதிப்பை வாங்குகிறவர்களுக்கு அதை பிளேஸ்டேஷன் 5 பதிப்பாக மாற்றும் மேம்படுத்தல் கிடைக்காது என்று தெரியவந்தபோது, அது இலவசமாகக் கிடைக்கும் என்று சோனி முன்பு கொடுத்த வாக்கை ரசிகர்கள் எடுத்துக்காட்டினார்கள். சில நாட்களிலேயே சோனி இறங்கி வந்து, அந்தக் கேமுக்கு இலவச மேம்படுத்தலை உறுதி செய்தது. கையில் பிடித்துக்காட்ட முன்பு கொடுத்த ஒரு வாக்கு இருந்ததால்தான் அது நடந்தது. பர்னிங் ஷோர்ஸ் விஷயத்தில் அப்படி எந்த வாக்கும் நம்மிடம் இல்லை. நாம் கேட்டு வாங்கி வைத்திருக்கவில்லை.

ஆகவே செர்னியின் அடுத்த காணொளிக்கும் எக்ஸ்பாக்ஸின் அடுத்த அறிவிப்புக்கும் கீழே டெராஃப்ளாப் (சிப்பின் கணக்கிடும் வேகம்) கணக்கோடு சேர்த்து நான் எழுதப்போவது இவற்றைத்தான். இன்று நான் வாங்கும் டிஎல்சி உங்கள் அடுத்த கன்சோலில் கூடுதல் கட்டணமின்றி இயங்குமா? புதிய பதிப்பு என்று ஒன்றை விற்றால், அதில் பழைய டிஎல்சிகள் அடங்குமா? இரு தலைமுறைகளுக்கும் விற்கும் கேமின் சீசன் பாஸில் உள்ள ஒவ்வொரு பகுதியும் இரு கன்சோல்களுக்கும் வருமா, வராதென்றால் அதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதுவீர்களா? கடையை மூடும் நாளுக்குப் பிறகு, வாங்கியவற்றை எத்தனை ஆண்டுகள் இறக்கிக்கொள்ள விடுவீர்கள்? பதில் வரும்வரை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத எந்த சீசன் பாஸையும் நான் முன்கூட்டியே வாங்கப்போவதில்லை. உடன்படுகிறவர்கள் இதே கேள்விகளை உங்கள் சொற்களில் அங்கே எழுதுங்கள். விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் இங்கே சேர்த்துச் சொல்லுங்கள்.