கூலியைக் குறைத்தால் பள்ளிக்கூடம் மலிவாகுமா?

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் பிரிவெய்லிங் வேஜ் (வட்டாரத்தில் நடப்பில் உள்ள கூலி) சட்டம் திரும்ப வந்ததை ‘யூனியன்காரனுக்கு அரசாங்கம் வைக்கும் மொய்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கமெண்டில் அடங்காது, அதனால் இங்கே.

அரசுப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினால், அந்த வட்டாரத்தில் எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் என்ன கூலி நடக்கிறதோ அதற்குக் குறையாமல் காண்ட்ராக்டர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். மத்திய அரசு வேலைகளுக்கு 1931லேயே டேவிஸ்-பேக்கன் சட்டம் வந்துவிட்டது. மிஷிகன் தன் பங்குக்கு 1965ல் போட்டது, 2018 ஜூனில் தூக்கியது.

தூக்கிய விதம் இருக்கிறதே! அப்போதைய கவர்னர் ரிக் ஸ்னைடர் குடியரசுக் கட்சிக்காரர்தான், ஆனால் ரத்துக்கு எதிரி. தொழில் தெரிந்த ஆட்கள் கிடைக்காமல் போவார்கள் என்பது அவர் கவலை. அதனால் ரத்தை விரும்பியவர்கள் ஊர் ஊராக மனுவில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க, சட்டமன்றம் அதை அப்படியே நிறைவேற்றியது. அந்த வழியில் போனால் கவர்னரின் வீட்டோ செல்லாது.

சொன்ன காரணம், வரிப்பணம் மிச்சம். டெண்டர் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்பி விலையும் சிமெண்ட் விலையும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டியில் முந்த இறக்க முடிவது ஆள் கூலியை. இறக்கினால் கைத்தொழில் பழகியவன் வேறு வேலைக்குப் போகிறான், புதிதாகப் பழக வருபவனும் குறைகிறான். பக்கத்து இந்தியானா 2015ல் ரத்து செய்தது. அங்குள்ள குடியரசுக் கட்சிச் சட்டமன்றத் தலைவர்களில் ஒருவரான எட் சாலிடே, இதுவரை ஒரு காசுகூட மிச்சமாகவில்லை என்று 2017ல் வெளிப்படையாகவே சொன்னார்.

நண்பர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மிஷிகனின் பழைய சட்டம் யூனியன் ஒப்பந்தக் கூலியையே அளவுகோலாக வைத்தது. யூனியனில் சேராதவர்களும் அதே ஊரில்தானே வேலை செய்கிறார்கள்? டேவிஸ்-பேக்கன் விவாதத்திலும் தெற்கிலிருந்து வரும் கறுப்பினத் தொழிலாளர்களைப் பற்றி அசிங்கமான பேச்சு உண்டு, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவுகோல் கோணல் என்றால் அதை நிமிர்த்த வேண்டும். வேலைத் தளங்களில் உண்மையில் கொடுத்த சம்பளப் பட்டியலை வாங்கிக் கணக்குப் போடுவது முடியாத காரியமா?

2023 மார்ச்சில் கவர்னர் விட்மர் கையெழுத்திட, 2024 பிப்ரவரியில் சட்டம் திரும்ப வந்தது. வரவேற்கிறேன். ஆனால் ஜனநாயகக் கட்சியினர் அந்த மசோதாவில் நிதி ஒதுக்கீடு ஒன்றைச் சொருகி, மக்கள் வாக்கெடுப்புக்குப் போக முடியாதபடி கதவைச் சாத்தினார்கள்; நிதி ஒதுக்கும் சட்டத்தை அங்கே வாக்கெடுப்புக்கு விட முடியாது. 2018ல் குறுக்கு வழி என்று கத்திய யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.