புரட்டாசியில் வயிறு உப்புவது 'கறி நஞ்சு' அல்ல

"கறியை நிறுத்தியதும் வயிறு உப்புகிறதா? தேங்கிய கறி நஞ்சு வெளியேறுகிறது. மூன்று நாள் பேதிக்குக் குடியுங்கள்." தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கறி குடலில் மாதக்கணக்கில் தேங்குவதில்லை. செரித்ததுபோக மிச்சம் சில நாட்களில் வெளியேறிவிடும்.

அப்புறம் ஏன் உப்புசம்? கறிக்குழம்பு இருந்த இடத்துக்குக் கொள்ளும் மொச்சையும் தட்டைப்பயறும் வந்துவிடுகின்றன. இவற்றில் ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி (என்சைம்) நம் சிறுகுடலில் இல்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன, வாயு உண்டாகிறது. களி தின்று வளர்ந்த நமக்கு நார்ச்சத்து புதிதல்ல. ஆனால் பயறு ஒரே நாளில் இரட்டிப்பானால் யார் வயிறும் முனகத்தான் செய்யும். பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும்.

பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவையுங்கள். முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டு மெல்லக் கூட்டுங்கள். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள்.

பேதி மருந்துதான் உண்மையில் ஆபத்து. உடலின் நீரும் உப்பும் போய்விடும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதனால் மோசமாகப் பாதிக்கப்படலாம்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், விடாத வாந்தி, எடை குறைதல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.